மாவளி: பொறி பறப்பது எதனால்?

வீட்டிலேயே தீ சுற்றும் கருவி செய்வது பற்றித் தேடினால் வந்து விழுகிற வீடியோக்கள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. கெவ்லார் திரி, இரும்புச் சங்கிலி, ஒரு டப்பா மண்ணெண்ணெய். இதைவிடச் சுலபமான வழி என்று சொல்லி, முட்டை அடிக்கிற கம்பிக் கரண்டிக்குள் ஸ்டீல் வூலைத் திணித்து, கயிற்றில் கட்டிச் சுற்றுகிறவர்களும் உண்டு. போட்டோவுக்கு அது பிரமாதமாகத்தான் இருக்கிறது. எங்கள் மல்லசமுத்திரத்துப் பையன்களும் இப்போது கார்த்திகை வந்தால் ஹார்டுவேர் கடையில் போய் ஸ்டீல் வூல்தான் கேட்கிறார்கள்.

இதே வேலைக்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு கருவி இருக்கிறது: மாவளி. மாவலி என்றும் எழுதுகிறார்கள், மகாபலி மன்னனின் பெயரோடு சேர்த்துக் கதையும் சொல்கிறார்கள். கார்த்திகை தீபத்தன்று ராத்திரி, பனம்பூக் கரியைத் துணியில் அடைத்து, பனை மட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டி, நுனியில் கங்கு வைத்துத் தலைக்கு மேலே சுற்றுவது. விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களில் இன்றைக்கும் சுற்றுகிறார்கள். ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது, வெடிமருந்து கிடையாது, கடையில் வாங்க ஒன்றுமே கிடையாது. ஆனாலும் சுற்ற ஆரம்பித்தால் ஒரு பெரிய பொன்வளையம் உண்டாகும்.

மாவளியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மரபு, மண்வாசனை என்று உருகிவிட்டு, செய்முறையை நாலே வரியில் முடித்துக்கொள்கிறார்கள். அந்த நாலு வரியை மட்டும் வைத்துக்கொண்டு செய்தால் முக்கால்வாசிப் பேருக்குப் புகைதான் வரும், பொறி வராது. ஏன் பனம்பூ? ஏன் கட்டைக்கரி ஆகாது? ஏன் பழைய வேட்டி, ஏன் புதுச் சட்டைத்துணி கூடாது? இதற்கெல்லாம் காரணம் இருக்கிறது. போன வருஷக் கார்த்திகைக்கு நாங்கள் ரெண்டு மூணு வீட்டுக்காரர்கள் சேர்ந்து செய்து பார்த்தோம். அப்போது கவனித்ததையும் பிறகு படித்ததையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு பாகுபாடு. சுற்றுகிற தீயில் மூணு சாதி உண்டு. ஒன்று, எண்ணெயில் நனைந்த திரி. சிலம்பக்காரர்கள் கம்பின் இரண்டு முனையிலும் துணி சுற்றி மண்ணெண்ணெயில் நனைத்துக் கொளுத்துகிற தீப்பந்தம் இந்த வகை. வெளிநாட்டில் ‘போய்’ என்கிற பந்தும் இதே வகைதான். போய் என்பது நியூசிலாந்து மாவோரி மக்களுடைய ஆட்டக் கருவி. நாணற்புல்லில் செய்த பந்து, ஆதியில் அதில் தீயே கிடையாது. பிற்பாடுதான் யாரோ நெருப்பு வைத்தார்கள். சமோவா நாட்டுக் கத்தி ஆட்டத்துக்கும் இப்படித்தான் தீ பின்னாடி வந்து சேர்ந்தது. 1946இல் சான் பிரான்சிஸ்கோவில் ஃப்ரெடி லெடூலி என்கிற சமோவாக்காரர் கத்தி நுனியில் துணி சுற்றிக் கொளுத்தினார். பக்கத்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த ஓர் இந்து நெருப்பு விழுங்கியைப் பார்த்துத்தான் அந்த யோசனை வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்த நெருப்பு விழுங்கி எந்த ஊர்க்காரரோ!

இந்த எண்ணெய்ச் சாதியில் எரிவது திரி இல்லை, எண்ணெயின் ஆவி. திரி வெறுமனே எண்ணெயைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதனால்தான் கெவ்லார் தேடுகிறார்கள். 1965இல் டூபான்ட் கம்பெனியில் ஸ்டெஃபனி குவோலக் கண்டுபிடித்த இழை அது. உருகாது, ஏறக்குறைய 500 டிகிரி வரை தாங்கும். ஒரே திரியை நிறைய முறை கொளுத்தலாம். பருத்தித் துணியும் எண்ணெய் இருக்கிற வரைக்கும் தாங்கும், தீர்ந்ததும் தானே எரிய ஆரம்பிக்கும். சிலம்பக்காரர்கள் எண்ணெய் வற்றுவதற்குள் அணைப்பது இதனால்தான்.

இதில் இப்போது இருக்கிற ஆபத்து எண்ணெய்தான். ரேஷன் மண்ணெண்ணெய் கிடைப்பது அரிதாகிவிட்டது. அதனால் பைக்கில் இருந்து பெட்ரோலைப் பிடித்து நனைக்கிறார்கள். இதை மட்டும் செய்யவே கூடாது. மண்ணெண்ணெய் 35, 38 டிகிரிக்கு மேலே சூடானால்தான் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். பெட்ரோல் பூஜ்ஜியத்துக்குக் கீழே 40 டிகிரியிலேயே விட்டுவிடும். நம்ம ஊர் வெயிலில் திறந்து வைத்த பெட்ரோல் டப்பாவைச் சுற்றிப் பத்தடிக்கு ஆவி பரவி நிற்கலாம், கண்ணுக்குத் தெரியாது. திரியைக் கொளுத்துகிறோம் என்று நினைத்து அந்த ஆவியைக் கொளுத்திவிடுவோம்.

இரண்டாவது சாதி உலோகம், அதாவது ஸ்டீல் வூல். மூன்றாவது கங்கு. மாவளி இந்த மூன்றாவது சாதி. இதற்கு வெளியூரில் ஒரு பங்காளியும் உண்டு. கொரியாவில் வருஷத்தின் முதல் பௌர்ணமியன்று ஜ்விபுல்லோரி என்று ஒரு விளையாட்டு. தகர டப்பாவில் ஆணியால் ஓட்டை ஓட்டையாகப் போட்டு, உள்ளே கரியோ விறகுத் துண்டோ வைத்துப் பற்றவைத்துக் கம்பியில் கட்டிச் சுற்றுவார்கள். பெயருக்கு எலித்தீ என்று அர்த்தம். வயல் வரப்பில் எலியையும் பூச்சியையும் விரட்ட நெருப்பு வைத்த வழக்கத்திலிருந்து வந்தது. அங்கே டப்பாவின் ஓட்டை செய்கிற வேலையை இங்கே மட்டைகளுக்கு நடுவே இருக்கிற சந்து செய்கிறது. இரண்டுமே பௌர்ணமியில் வருவதும் நல்ல பொருத்தம்.

இனி கரிக்கு வருவோம். மாவளியில் முக்கால் பங்கு வேலை கரிதான்.

பனையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. நுங்கு காய்ப்பது பெண் பனை. ஆண் பனையில் காய் வராது, விரல் விரலாகப் பூங்கதிர்கள் தொங்கும். அதைத்தான் பனம்பூ என்கிறோம். அந்த விரலை ஒடித்துப் பார்த்தால் நடுவில் ஒரு தண்டு, அதைச் சுற்றிச் செதில் செதிலாக அடுக்கு, செதிலுக்குள் பொடிப்பொடியாகப் பூக்கள். காய்ந்தால் நெட்டி மாதிரி கனமில்லாமல் போய்விடும். இதைக் கரியாக்கினால் கிடைப்பதும் அப்படியே மெல்லிசான கரி. விரலில் வைத்து நசுக்கினாலே சின்னச் சின்னச் செதிலாக உதிரும்.

இந்தச் செதில்தான் பொறி. கரித்துகள் ஒன்று பொறியாகப் பறக்க வேண்டுமென்றால் மூணு காரியம் நடக்கணும். பற்றிய துகள் மூட்டையிலிருந்து பிய்ந்து வரணும். காற்றில் போகும்போது அணையாமல் எரியணும். கீழே விழுவதற்குள் எரிந்து தீரணும். துகள் ரொம்பப் பெரிசாக இருந்தால் கங்காகவே தரையில் வந்து விழும், பார்க்கவும் அழகில்லை, காலையும் சுடும். மாவு மாதிரி அரைத்துவிட்டால் இறுகிப்போய்க் காற்று உள்ளே போகாது, நுனி மட்டும் சாம்பல் பூத்துக் கிடக்கும். ரவைக்கும் மாவுக்கும் நடுவில் ஒரு பதம் வேண்டும். கட்டைக்கரியை எவ்வளவு பக்குவமாக இடித்தாலும் கட்டிகட்டியாகத்தான் உடைகிறது, செதில் வருவதில்லை. காங்கேயம் பக்கம் தேங்காய்த்தொட்டிக் கரி மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒருவர் கேட்டார். அது இன்னும் மோசம். தொட்டிக்கரி கெட்டியும் கனமும். நின்று நிதானமாகக் கனலும், அதனால் இஸ்திரிப் பெட்டிக்கு உத்தமம். பொறிக்கு ஆகாது. பட்டாசுத் தொழிலிலும் இதே பாடம்தான். எந்த மரத்துக் கரி என்பதைப் பொறுத்துப் பொறியின் நீளமும் நிறமும் மாறும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். வெடிமருந்துக்கு ஒரு கரி, வால் நீண்ட பொன்னிறப் பொறிக்கு வேறொரு கரி என்று பிரித்துத்தான் வைப்பார்கள்.

பனம்பூவைச் சேகரிப்பதில் ஒரு காலக் கணக்கு இருக்கிறது. ஆண் பனை பூப்பது தை, மாசி தொடங்கிக் கோடை வரைக்கும். கார்த்திகை வருவதோ ஐப்பசி மழைக்குப் பின்னால். மழையில் நனைந்து மக்கின பூவைப் பொறுக்கி வந்தால் கரி சாம்பலாகப் போகும். வெயில் காலத்தில் காய்ந்து விழுந்ததை அப்போதே பொறுக்கிச் சாக்கில் கட்டி, அட்டாலியில் போட்டுவிடணும். எங்களுக்கு வழி சொன்ன பனையேறிப் பெரியவர் முதல் கேள்வியே இதைத்தான் கேட்டார். “பூவு எப்பப் பொறுக்குனது கண்ணு? மழைக்கு முந்தியா, பிந்தியா?” சித்திரையில் பொறுக்கியது என்று சொன்ன பிறகுதான் மேலே பேசினார். கள்ளுக்கோ பதநீருக்கோ பாளை சீவுகிற மரத்தில் பூ மிஞ்சாது, சீவாமல் விட்ட ஆண் பனையாகப் பார்க்கணும் என்றும் சொன்னார்.

கரி சுடுவதற்கு முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி போதும். பூவைப் போட்டுக் கொளுத்தி, நன்றாகப் பற்றி, வெள்ளைப் புகை குறைந்து, பூவெல்லாம் செக்கச்செவேல் என்று ஆகும் சமயத்தில் மூடிவிடணும். முதலில் ஈரச் சாக்கு, அதன் மேலே மண். எங்கேயும் புகை கசியக்கூடாது. மூடுகிற நேரம்தான் சூட்சுமம். சீக்கிரம் மூடினால் பழுப்பாக அரைவேக்காட்டுக் கரி கிடைக்கும், சுற்றும்போது புகையும். தாமதித்தால் சாம்பல். விஷயம் இவ்வளவுதான்: பூவுக்குள் இருக்கிற ஈரமும் ஆவியாகிற பொருட்களும் போயிடணும், கார்பன் மட்டும் காற்றுப் படாமல் மிஞ்சணும். குழிக்குப் பதிலாகப் பழைய மண்பானையில் அடைத்து, வாயை மூடி, ஒரு சின்ன ஓட்டை விட்டு அடுப்பில் ஏற்றியும் செய்யலாம். ஓட்டையில் புகை நின்றால் வேலை முடிந்தது. இது அளவாக வரும், ஆனால் குறைவாக வரும்.

குழியை மறுநாள்தான் திறக்க வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் ஆறினது போல இருக்கிற கரி காற்றுப் பட்டதும் மறுபடி பிடித்துக்கொள்ளும். திறந்த கரியையும் உடனே சாக்கில் கட்டி வீட்டுக்குள் கொண்டுபோகாமல், வெளியே ஒரு தகரத்தில் பரப்பி ஒரு பகல் விட்டுவிடுங்கள். கரி சுடும் வேலையை மூடிய இடத்தில் செய்யக்கூடாது என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். அரைகுறையாக எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு வாசனையே கிடையாது.

அரைப்பது அம்மியில். மிக்ஸியில் போட்டால் மாவாகப் போய்விடும், மிக்ஸியும் வீணாகும், வீட்டில் சண்டையும் வரும். அம்மியில் நாலு இழுப்பு இழுத்துச் சல்லடையில் சலித்து, மேலே நிற்கிற கட்டியை மட்டும் திரும்ப அரைக்கணும். சிலர் இதோடு ஒரு கை கல் உப்பு சேர்க்கிறார்கள். உப்புக் கல்லுக்குள் துளித்துளியாகத் தண்ணீர் சிறைப்பட்டிருக்கும். சூடேறும்போது அது ஆவியாகிக் கல்லை உடைத்துக்கொண்டு வெளியே வரும். அடுப்பில் உப்பு விழுந்தால் படபடவென்று வெடிக்கிறதே, அதுதான். மாவளியில் அந்தச் சின்ன வெடிப்பு பக்கத்துக் கரியையும் உதைத்து வெளியே தள்ளும், சத்தமும் கூடும். அதிகம் போட்டால் உப்பு ஈரத்தை இழுத்து, கரி நமத்துப்போகும். நாங்கள் நாலு படி கரிக்கு ஒரு கை உப்பு போட்டோம், சரியாக இருந்தது. அரைத்த கரியையும் டப்பாவில் மூடி அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் வைப்பது நல்லது. ஐப்பசி கார்த்திகை ஈரக்காற்றில் கரி தண்ணீரைக் குடித்துவிடும்.

அடுத்தது துணி. இதில்தான் இன்றைக்கு நிறையப் பேருக்குச் சிக்கல், அதுவும் துணி நெய்கிற சீமையில்! மல்லசமுத்திரத்தில் பருத்தி ஏலம் நடக்கிறது, சுற்றி எங்கே பார்த்தாலும் தறிச் சத்தம். ஆனாலும் வீட்டுப் பீரோவைத் திறந்து சுத்தமான பருத்தித் துணி ஒன்று எடு என்றால் தேட வேண்டியிருக்கிறது. சட்டை, சீலை, லுங்கி எல்லாவற்றிலும் பாலியெஸ்டர் கலந்திருக்கிறது. கலந்தால் என்ன என்று கேட்கலாம். பாலியெஸ்டர் சுமார் 260 டிகிரியில் உருகும். கங்குக்குப் பக்கத்தில் உருகிச் சொட்டும், சுற்றும்போது அந்தச் சொட்டு விசிறியடிக்கும். தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு உரியும். பருத்தி உருகாது. காற்று குறைவாகப் படுகிற இடத்தில் அப்படியே கருகி, தானும் கரியாக மாறும். அதாவது உறையும் பண்டமும் ஒன்றாகிவிடும். உள்ளே இருக்கிற கரி எரிந்து போகப் போக, உறையும் அதே வேகத்தில் பின்னால் நகரும். பாலியெஸ்டர் துணியில் இப்படி நடக்காது.

துணி எதுவென்று கண்டுபிடிக்க ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் பொடியாகிற சாம்பல் ஆகும். பாலியெஸ்டர் சுருங்கி, நுனியில் மணி மாதிரி கட்டியாகி நிற்கும். பழைய நாலு முழ வேட்டி கிடைத்தால் அதைவிட நல்லது ஒன்றுமில்லை, துவைத்துத் துவைத்துக் கஞ்சியெல்லாம் போயிருக்கும்.

துணியை ஒரு சாணுக்கு மேல் நீளமாகவும், கட்டைவிரலைவிடக் கொஞ்சம் தடிமனாகவும் குழாய் மாதிரி தைத்து, ஒரு பக்கம் முடிச்சுப் போட்டு, கரியை அடைக்க வேண்டும். கொஞ்சம் போட்டுக் குச்சியால் தட்டி, மறுபடி போட்டுத் தட்டி. அழுத்தினால் குழாய் வளையக்கூடாது, ஆனால் நகத்தால் அமுக்கினால் லேசாகக் குழியணும். நிறைந்ததும் வாயைக் கட்டி, நெடுகிலும் அரை அங்குலத்துக்கு ஒரு சுற்று வீதம் பருத்தி நூலால் இறுக்கிக் கட்டிக்கொண்டே வரணும். இந்த நூல்தான் எரியும் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. நூல் சுற்றாவிட்டால் நுனி பிளந்து மொத்தக் கரியும் ஒரே வீச்சில் கொட்டிப்போகும். எங்களுடையது ஒன்று கால் மணி நேரத்துக்கு மேல் ஓடியது.

மட்டைக்குக் காய்ந்த பனை மட்டை. இரண்டு பக்கமும் ரம்பம் மாதிரி இருக்கிற கருக்கை முதலில் சீவி எறிந்துவிடணும், இல்லையென்றால் கயிற்றையே அறுத்துவிடும். ரெண்டடி நீளத்துக்கு வெட்டி, நெடுக்காக மூன்றாகப் பிளந்து, நடுவில் கரிக்குழாயை வைத்து மேலும் கீழும் கட்டினால் கூண்டு தயார். மூன்று பிளவுக்கும் நடுவே மூன்று சந்து இருக்கும். சுற்றும்போது அந்தச் சந்து வழியாகக் காற்று புகுந்து ஊதுலைத் துருத்தி மாதிரி கங்கை ஊதும். மட்டை எரியாதா என்றால், ஓரம் கருகும், அவ்வளவுதான். மட்டையின் நார் கெட்டி, கங்கு அதைப் பிடிப்பதற்குள் கரி தீர்ந்துவிடுகிறது. தென்னை மட்டையில் செய்தாலும் வேலை செய்யும். மாவளியில் மாற்றிக்கொள்ளக்கூடிய உறுப்பு இதுதான். ஓட்டை போட்ட தகர டப்பா வைத்துக்கூடச் செய்யலாம், கொரியாக்காரர்கள் செய்கிறார்களே. கரியையும் துணியையும் மட்டும் மாற்றக்கூடாது.

கயிறு எவ்வளவு பலம் தாங்கணும் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். மாவளியின் எடை 400 கிராம். கையும் கயிறும் சேர்த்து ஒரு மீட்டர் ஆரத்தில், நொடிக்கு ஒன்றரைச் சுற்று. அப்படியென்றால் மாவளி மணிக்கு 34 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. கயிற்றை அது இழுப்பது தன் எடையைப் போல ஒன்பது மடங்கு, அதாவது சுமார் மூன்றரைக் கிலோ. நொடிக்கு மூன்று சுற்று என்று வேகத்தை இரட்டிப்பாக்கினால் இழுப்பு இரட்டிப்பாகாது, நாலு மடங்காகும். 14 கிலோவுக்கு மேல். உற்சாகத்தில் வேகம் கூட்டும்போது முடிச்சு நழுவுவது இந்த நாலு மடங்கினால்தான். தேங்காய்நார்க் கயிறோ பருத்திக் கயிறோ, சுண்டுவிரல் தடிமன் இருந்தால் போதும். கடையில் கலர் கலராக விற்கிற பிளாஸ்டிக் கயிறு வேண்டாம், 160, 170 டிகிரியிலேயே உருகிவிடும். மட்டையில் கட்டும் இடத்தில் ஒரு சாணுக்குக் கட்டுக்கம்பி போட்டுவிட்டு அதற்கு மேல் கயிறு கட்டினால் இன்னும் நிம்மதி. கைப்பிடிப் பக்கம் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளாதீர்கள். ஏதாவது ஆனால் விட்டெறிய முடியணும்.

சரி, இவ்வளவு பாடுபடுவதற்கு நாற்பது ஐம்பது ரூபாய்க்கு ஸ்டீல் வூல் வாங்கிச் சுற்றிவிட்டுப் போகலாமே என்று ஒரு தம்பி கேட்டான். நியாயமான கேள்விதான். பதில் எரிந்த பிறகு மிஞ்சுவதில் இருக்கிறது.

கரி எரிந்தால் கார்பன் டை ஆக்சைடு என்ற வாயுவாகப் போகிறது. பறக்கிற பொறி ஒவ்வொரு நொடியும் தேய்ந்துகொண்டே வந்து, கடைசியில் கண்ணுக்குத் தெரியாத துளிச் சாம்பலாக முடிகிறது. இரும்பு எரிந்தால் வாயுவாகப் போவதில்லை. ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு இரும்பு ஆக்சைடாகிறது. எடை குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது. 168 கிராம் இரும்பு முழுக்க எரிந்தால் 232 கிராம் ஆக்சைடு. ஸ்டீல் வூலை எடை போட்டுக் கொளுத்தித் திரும்ப எடை போட்டால் கூடுதலாகக் காட்டும், பள்ளிக்கூடத்தில் செய்து காட்ட அருமையான சோதனை. அதனால் இரும்புப் பொறி வழியில் தீர்ந்துபோகாது. 1500 டிகிரியை ஒட்டிய சூட்டில் உருகிய குண்டுமணியாகக் கீழே வந்து சேரும். கரித்துகள் தண்ணீரில் மிதக்கிற கனம்தான். இரும்பு தண்ணீரைப் போல எட்டு மடங்கு. கனம் கூடினால் காற்று தடுக்காது, அதிக தூரம் போகும். சூடும் அதிகம், கனமும் அதிகம், தூரமும் அதிகம்.

கலிஃபோர்னியாவில் பாயின்ட் ரேயஸ் என்று ஒரு பழைய படகு கரை ஒதுங்கிக் கிடந்தது. போட்டோ எடுக்கிறவர்களுக்கெல்லாம் செல்லமான இடம். 2016 பிப்ரவரியில் அதன் பின்பாகம் எரிந்துபோனது. யாரோ ராத்திரி ஸ்டீல் வூல் சுற்றிப் படமெடுத்ததுதான் காரணம் என்றார்கள். ஈரக் கடற்கரையிலேயே இந்தக் கதி. நம்ம ஊரில் களத்துமேட்டில் சோளத்தட்டுப் போர் இருக்கும், பக்கத்தில் கீற்றுக் கொட்டாய் இருக்கும்.

இதனால் மாவளி ஆபத்தே இல்லாதது என்று சொல்லவரவில்லை. கங்கு கங்குதான். தட்டுப்போர், கீற்று, நிறுத்தி வைத்த வண்டி எதுவும் அண்டையில் இருக்கக்கூடாது. காற்றடித்தால் அன்றைக்கு விட்டுடணும். சுற்றுகிறவர் பருத்திச் சட்டை, காலில் செருப்பு, தலையில் நனைத்துப் பிழிந்த துண்டு. கண்ணுக்குச் சாதாரணக் கண்ணாடி போட்டாலும் பரவாயில்லை. நைலான் பனியன், வழவழா ஜெர்சி போட்டுக்கொண்டு வருகிற பையன்களைத் திருப்பி அனுப்பிவிடலாம். வேடிக்கை பார்க்கிறவர்கள் பத்துப் பதினைந்து அடிக்கு அப்பால். ஒரு வாளித் தண்ணீர், ஒரு சாக்கு. யாருக்காவது சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டணும். பேனா மை, பற்பசை, மாவு எதையும் பூசவேண்டாம்.

பருவமும் நமக்குச் சாதகமாக இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை பெய்து மண்ணும் வேலியும் ஈரமாக இருக்கிற மாதத்தில் கார்த்திகை வருகிறது. இதையே பங்குனியில் வைத்திருந்தால் ஊரே போயிருக்கும். யாரும் கணக்குப் போட்டு வைத்தார்கள் என்று சொல்லமாட்டேன், பௌர்ணமியும் நட்சத்திரமும் பார்த்து வந்த நாள் அது. ஆனாலும் கோடையில் பொறுக்கி, மழைக்காலத்தில் எரிப்பது என்கிற ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. அன்றைக்கு அடுப்படியில் வெல்லப்பாகில் பொரி உருண்டை பிடிப்பார்கள், வாசலில் பொறி பறக்கும். இடையின ‘ரி’யும் வல்லின ‘றி’யும் ஒரே நாளில்.

எனக்கு உண்மையிலேயே கவலையாக இருப்பது பூ. 1978இல் பனையை மாநில மரமாக அறிவித்தார்கள். 2021 வேளாண் பட்ஜெட்டில், பனையை வெட்ட வேண்டுமானால் கலெக்டர் அனுமதி வேண்டும் என்றும் சொன்னார்கள். அதற்கு முன்னாலேயே செங்கல் சூளைக்கு விறகாகப் போனது போனதுதான். வெட்டும்போது முதலில் கோடாலி விழுவது ஆண் பனை மேல். நுங்கும் இல்லை, பழமும் இல்லை, நின்று என்ன பிரயோஜனம் என்று ஒரு பேச்சு. பனங்கொட்டை ஊன்றினால் அது ஆணா பெண்ணா என்று முதல் பாளை வெடிக்கிறவரை தெரியாது. அதற்குப் பன்னிரண்டு வருஷத்திலிருந்து இருபது வருஷம் வரைக்கும் ஆகும். இன்றைக்கு ஏரிக்கரையில் கொட்டை ஊன்றுகிற பிள்ளை, அதிலிருந்து பூப் பொறுக்கி மாவளி செய்வது அதன் கல்யாண வயசில்தான். ஆகையால் இப்போது நிற்கிற ஆண் பனை எங்கே எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தை மாதம் தலையை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டே வரப்பில் நடந்தால் விரல் விரலாகத் தொங்குவது தெரிந்துவிடும். தோட்டத்துக்காரரிடம் இந்த மரத்துப் பூ எனக்கு வேண்டும் என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைத்தால், அந்த மரத்தை வெட்டுவதற்கு முன் அவரும் ஒருமுறை யோசிப்பார்.

கடைசியாக, சுற்றி முடித்த மாவளியை என்ன செய்வது? கரி தீர்ந்த மாதிரி இருந்தாலும் முடிச்சுப் பக்கம் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். சில ஊர்களில் வைக்கோல் போர் மேலேயோ கூரை மேலேயோ வீசுகிற குறும்பும் நடப்பதுண்டாம், வேண்டவே வேண்டாம். மட்டையோடு தண்ணீர் வாளியில் முக்கி, சொய்ங் சத்தம் அடங்குகிற வரைக்கும் வைத்திருந்து, பிறகு எடுத்து ஈர மண்ணில் போட்டு மூடிவிடுங்கள். காலையில் போய் மண்ணைக் கிளறித் தொட்டுப் பார்த்து, ஆறியிருந்தால் குப்பைமேட்டுக்குப் போகலாம். கயிறையும் கட்டுக்கம்பியையும் கழற்றி வைத்துக்கொள்ளலாம், அடுத்த வருஷத்துக்கு ஆகும்.